அரசனுக்குப் போட்ட பூச்சியம்

மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் எங்கள் முதியோர் சங்கம் வருடாவருடம் ஒரு மலர் வெளியிடுகிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு அதில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். மேற்கு ஆபிரிக்காவில், ஓர் ஆறு கடலில் விழும் இடத்தில் இருந்த சிறிய அரசொன்றின் கடைசி அரசனைப் பற்றியது. பனையெண்ணெய்க்கு விலையை நானே தீர்மானிப்பேன் என்று நின்றவன் அவன். ஆங்கிலேயர் பேச்சுவார்த்தைக்கென்று அவனைக் கப்பலுக்கு அழைத்தார்கள். ஏறியவுடன் கப்பலைச் செலுத்திக்கொண்டு போய் எங்கோ ஒரு தீவில் இறக்கிவிட்டார்கள். அங்கேயே செத்துப்போனான். கரையில் படகில் ஏறும்போது அவன் சொன்னானாம்: “என் கதிரையையும் ஏற்றுங்கள். நின்றுகொண்டு பேசுகிறவன் வேலைக்காரன்.”

மண்டபத்தில் இந்த இடத்தை நான் வாசித்தபோது கைதட்டினார்கள். சங்கத் தலைவர் எழுந்து, “எங்கட மாஸ்ரர் ஆபிரிக்காவில சும்மா இருந்திட்டு வரேல்ல. ஆராய்ச்சி செய்துபோட்டுத்தான் வந்திருக்கிறார்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிவு என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கட்டுரையில் நன்றாக இருந்த எதுவும் என்னுடையதல்ல. பதினேழு வயது மாணவன் ஒருவன் எழுதிய விடைத்தாளிலிருந்து எடுத்தது. அந்த விடைத்தாளுக்கு நான் பூச்சியம் போட்டிருந்தேன்.

நான் வரலாறு படிப்பித்தவன். எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் ஒப்பந்தத்தில் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போனார்கள். நானும் மனைவியுடன் நைஜீரியாவுக்குப் போனேன். எங்கள் பாடசாலை அந்த அரசனின் பழைய தலைநகரிலேயே இருந்தது. ஆசிரியர் விடுதிகளில் எங்களோடு சேர்த்து நான்கு தமிழ்க் குடும்பங்கள். சனிக்கிழமைகளில் ஒன்றாகச் சமைத்தோம், சீட்டு விளையாடினோம், ஊர்க் கதை பேசினோம். எங்களுக்குச் சம்பளம் தந்த அந்த மண்ணின் மனிதர்களை எங்களுக்குள் இளக்காரமாகக் ‘காப்பிலிகள்’ என்றோம். சிங்களத்தில் யாராவது எங்களை ஒரு சொல் சொன்னால் கொதித்துப்போகிறவர்கள் நாங்கள். காப்பிலி என்ற சொல்லை நானும் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன்.

யாழ்ப்பாணத்து வாத்தியார் எங்கே போனாலும் தன்னோடு கொண்டுபோவது நோட்ஸ். பாடப்புத்தகத்தை ஐந்து குறிப்புகளாகச் சுருக்கி, மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்து, பரீட்சையில் அந்த ஐந்தும் வருகிறதா என்று பார்ப்பது. ஒரு குறிப்புக்கு இரண்டு புள்ளி. குறிப்பு இல்லையென்றால் புள்ளி இல்லை. எங்கள் ஊரில் தாய் தகப்பன் ஆசிரியரைத் தெரிவு செய்வதே அவருடைய நோட்ஸை வைத்துத்தான். அந்தப் பழக்கத்தை நான் ஒரு மாற்றமும் செய்யாமல் அங்கே கொண்டுபோய் இறக்கினேன்.

அந்த நாட்டின் புதிய பாடப்புத்தகங்கள் எங்கள் பாடசாலைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. அலுமாரியில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. அந்தக் கரையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரி ஒருவர் எழுதியது. அதில் அரசன் இரத்த வெறியன், நரபலி கொடுத்தவன், வியாபாரத்துக்குத் தடையாக இருந்தவன். ஒரு புகைப்படமும் இருந்தது. கப்பல் தட்டில் வயதான ஒருவர் வெறுங்காலுடன் நிற்கிறார். கீழே ‘பிடிபட்ட கொடுங்கோலன்’ என்று எழுதியிருந்தது. அந்தப் புத்தகத்திலிருந்து நான் நோட்ஸ் எடுத்தேன். அரசன் அகற்றப்பட்டதற்கான ஐந்து காரணங்கள்.

ஒருநாள் வகுப்பில் ஒருவன் எழுந்து கேட்டான்: “சேர், உங்கள் நாட்டில் அரசர்கள் இருந்தார்களா?”

அந்தப் பாடவேளை முழுவதும் நான் பேசினேன். நல்லூரில் குதிரைமேல் வாளுடன் சிலையாக நிற்கும் எங்கள் கடைசி அரசனைப் பற்றிச் சொன்னேன். போர்த்துக்கேயர் அவனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டியதைச் சொன்னேன். “அவர்கள் எழுதியதை வாசித்தால் அவன் கொலைகாரன், சிம்மாசனத்தைப் பிடுங்கியவன். கழுத்தை வெட்டியவன் வேறு எப்படி எழுதுவான்? வென்றவன் எழுதியதை மட்டும் வாசிக்கிறவன் வரலாறு படிக்கவில்லை” என்றேன். என் குரல் தழுதழுத்தது. நான் நல்ல ஆசிரியன் என்று அன்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தவணைப் பரீட்சை. அரசன் அகற்றப்பட்டதற்கான காரணங்களைத் தருக என்பது கேள்வி. அன்று எழுந்து கேட்ட அதே மாணவன் நான்கு பக்கம் எழுதியிருந்தான். முதல் வரி இப்படி இருந்தது: “எங்கள் சேர் தன் அரசனைப் பற்றிச் சொன்ன விதியை நான் என் அரசனுக்கும் பயன்படுத்துகிறேன்.”

அந்த வரியிலேயே எனக்குக் காது சூடேறியது. அவன் அந்த அரசனின் வம்சம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் சொல்லக் கேட்டவற்றை எழுதியிருந்தான். எண்ணெய் விலை, கப்பல் அழைப்பு, கதிரை. என் ஐந்து குறிப்புகளில் ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் வேறொன்று இருந்தது. அரசனின் தமையன் இறந்தபோது ஏழு அடிமைகளை அவனோடு புதைத்தது உண்மை. தங்கள் வளவில் அரசன் விலைக்கு வாங்கிய மனிதர்களின் வழிவந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அரசனைப் பற்றிச் சொல்லும் கதை வேறு. “நான் அவர்களையும் கேட்டேன்” என்று எழுதியிருந்தான்.

என் ஆசிரிய வாழ்க்கையில் ஒரு மாணவன் எழுதிய மிகச் சிறந்த விடை அது. வாசித்து முடித்தபோதே அது எனக்குத் தெரியும். சிவப்புப் பேனையால் பூச்சியம் போட்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். மறுநாள் அவனை எழுப்பி நிறுத்தி, விடைத்தாளின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வகுப்புக்கு உரத்து வாசித்தேன். ஒரு கோணல் குரலில் வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கதிரை வந்த இடத்தில் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தேன். “நீ நிற்கிறாயே. அப்படியென்றால் நீ யார், வேலைக்காரனா?” என்று கேட்டேன். வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவன் அழவில்லை. மணி அடிக்கும்வரை நின்றான். அடுத்த தவணையில் அவன் பெயர் என் வகுப்புப் பதிவில் இல்லை. வரலாற்றை விட்டுவிட்டு வேறு பாடத்துக்கு மாறியிருந்தான்.

அதற்கு அடுத்த வருடம் அந்த ஊரின் நடுச்சந்தியில் அரசாங்கம் அந்த அரசனுக்குச் சிலை வைத்தது. அகன்ற மார்பு, உயர்த்திய வாள். புதிய பாடப்புத்தகமும் வந்தது. அதே கப்பல்தட்டுப் புகைப்படம்தான். ஆனால் கீழே ‘நாடுகடத்தப்படும் மாவீரர்’ என்று போட்டிருந்தார்கள். அதிபர் என்னைத் தனியே கூப்பிட்டு, நோட்ஸை மாற்றுவது நல்லது என்றார். எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. ஐந்து காரணங்களை எடுத்துவிட்டு அரசனின் ஐந்து சிறப்புகளைப் போட்டேன். ஒரு சிறப்புக்கு இரண்டு புள்ளி. அந்த மாணவன் அப்போதும் பாடசாலையில்தான் இருந்தான். என் வகுப்பு யன்னலைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் போனான். நான் கூப்பிடவில்லை.

இலங்கையில் கலவரம் வந்தபின் நாங்கள் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. ஆபிரிக்காவிலிருந்து நேரே மெல்பேர்ணுக்கு வந்தோம். இங்கே ஆசிரிய வேலை கிடைக்கவில்லை. தபால் பிரிக்கும் இடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். அந்த விடைத்தாளை எறியவில்லை. ஒருமுறை மனைவி பெட்டி அடுக்கும்போது அதைக் கண்டு, “இதென்ன, இன்னும் வைச்சிருக்கிறியள்?” என்றாள். “சும்மா கிடக்கட்டும்” என்றேன். அவளுக்கும் சொல்லவில்லை. அவள் போய் ஏழு வருடம்.

அவள் போனபின் வியாழக்கிழமைகளில் சங்கத்துக்குப் போகத் தொடங்கினேன். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பெருமை இருந்தது. ஒருவர் பெரிய பொறியியலாளராக இருந்தவர். இன்னொருவரின் மகள் சத்திரசிகிச்சை நிபுணர். நான் தபால் பிரித்தவன். எனக்கும் ஒருநாள் பேச வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான் காரணம். விடைத்தாளை எடுத்துத் தமிழில் எழுதினேன். எங்கள் நல்லூர் அரசனோடு ஒப்பிட்டு ஒரு பந்தி சேர்த்தேன். கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டேன். அடிமைகள் வந்தால் கைதட்டல் வராது என்று எனக்குத் தெரியும். புகைப்படத்தையும் கொடுத்தேன். மலரைத் தொகுத்தவர் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டார். “வெறுங்காலோட நிக்கிறான், மாஸ்ரர். பாக்க அரசன் மாதிரி இல்லை” என்றார்.

தலைவரின் பேத்தி அந்தக் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சங்கத்தின் இணையத்தளத்தில் போட்டாள். அதன் விளைவாகப் போன வருடம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் சிட்னியில் பிளாக்டவுனில் இருக்கும் ஒரு தாதி. அரசனின் ஊரைச் சேர்ந்தவர். கதிரையைப் பற்றி அரசன் சொன்ன வார்த்தை தன் தகப்பனார் வீட்டில் மட்டும் சொல்லப்படுவது, எந்தப் புத்தகத்திலும் இல்லை, உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் திறந்து வாசித்தேன். கடைசியில் ‘வாய்மொழி மூலங்கள்’ என்று இரண்டு வரி எழுதினேன். உடனே பதில் வந்தது. தகப்பனார் குளிர்காலம் முடியும்வரை தன்னோடு சிட்னியில் இருப்பதாகவும், அவர் உங்களைச் சந்தித்து நன்றி சொல்ல விரும்புவதாகவும் எழுதியிருந்தார். “அப்பா பள்ளிக்கூடத்தில் இதையே எழுதியபோது ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் வகுப்புக்கு முன்னால் அவமானப்படுத்தினார். அதன்பிறகு அவர் வரலாற்றை விட்டுவிட்டு நில அளவையாளரானார். நீங்கள் எழுதியதை வாசித்தது அவருக்குப் பெரிய ஆறுதல்.”

வெள்ளைக்கார ஆசிரியர். அந்தச் சொல்லைப் பலமுறை வாசித்தேன். எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை. என் பாவத்தைத் தூக்கிக்கொள்ள ஒருவன் வந்துவிட்டான். நான் சும்மா இருந்தால் போதும். நன்றியையும் வாங்கிக்கொண்டு வரலாம்.

இரண்டு வாரம் அந்த நிம்மதியோடு இருந்தேன். காலையில் தேத்தண்ணி, பத்திரிகை, நடை, சோறு. பேச ஒருவரும் இல்லாத வீட்டில் ஒரு எண்ணம் வந்தால் அது எங்கேயும் போகாது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல பிறிஸ்பனிலிருந்து மகள் தொலைபேசியில் எடுத்தாள்.

“அப்பா, ஆர் யூ ஈற்றிங் ஓகே?”

“ஓம் பிள்ளை. வெள்ளிக்கிழமை சிட்னிக்குப் போறன்.”

“வட் ஃபோர்? கோயிலுக்கா?”

“ஓம். ஹெலன்ஸ்பர்க்குக்கு.”

“ஹூ இஸ் டிரைவிங் யூ தெயர்?”

“ஆரோ கூட்டிக்கொண்டு போவினம்” என்றேன். எழுபத்தெட்டு வயதில் பிள்ளைக்குப் பொய் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். பையில் விடைத்தாள் இருந்தது. கொடுப்பேன் என்று நிச்சயமில்லை. கொண்டுபோனேன்.

பிளாக்டவுன் ஸ்ரேசனுக்கு அந்தத் தாதியே காரில் வந்தார். வேலை உடுப்போடு, நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாதவர். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். தமிழில் எழுதுகிறேன்.

“அப்பா இரண்டு நாளாகச் சட்டையை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார், சேர். உங்களுக்காக.”

“என்னத்துக்கு இதெல்லாம்?”

“நீங்கள் வேறு! அந்த வெள்ளைக்காரன் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். நாங்கள் குறைந்த புள்ளி எடுத்துக்கொண்டு வந்தால், ‘அந்த வெள்ளைக்காரன் இன்னும் சாகவில்லையா, உங்களுக்கும் வந்து படிப்பிக்கிறானா?’ என்று பகிடி பண்ணுவார்.” சிரித்தார். “சிவந்த மூக்காம். வியர்வை துடைக்க எந்த நேரமும் கையில் ஒரு லேஞ்சியாம்.”

மூக்கு என்னுடையதல்ல. லேஞ்சி என்னுடையதுதான்.

கதவைத் திறந்தவர் நெடிய மனிதர். தலை நரைத்திருந்தது. என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. அந்த வயதில் பதினைந்து பெரிய வித்தியாசம், இப்போது இரண்டு கிழவர்கள். “வாருங்கள், சேர்” என்றார். என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்போல எனக்குப் பட்டது. எனக்குக் கதிரையை இழுத்துவிட்டுத் தான் எதிரே இருந்தார். மகள் தேத்தண்ணி வைத்தார். அவர் என் கட்டுரையைப் புகழ்ந்தார். பிறகு, மகள் ஏற்கனவே சொன்னதைத் தானும் சொல்லத் தொடங்கினார்.

“தாளை நுனியில் பிடித்தான், சேர். செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல.” விரலால் காட்டினார். மகள் சிரித்தார். “ஒரு குரலில் வாசித்தான். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த சிநேகிதனும் சிரித்தான், பாவம், அவனுக்கும் பயம். பிறகு என்னைப் பார்த்து ஒன்று கேட்டான்.” நிறுத்தினார். என்னைப் பார்த்தார். “என்ன கேட்டிருப்பான் என்று நினைக்கிறீர்கள்?”

மகள் அடுத்தது தெரிந்தவர்போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது வெள்ளைக்காரன் இல்லை” என்றேன். “நான்தான். நீ வேலைக்காரனா என்று உங்களைக் கேட்டது நான்.”

மகள் சிரிப்பை முடிக்காமல் நிறுத்தினார். “அப்பா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “கட்டுரையில் பெயரைப் பார்த்த அன்றே தெரியும். அவ்வளவு நீளமான பெயர் உலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கும்? கூப்பிட்டால் வருவாரா என்று பார்த்தேன். வந்தால் சொல்வாரா என்று பார்த்தேன்.”

“அப்போ வெள்ளைக்காரன் யார்?” மகளின் குரல் மாறியிருந்தது.

“ஒருவனும் இல்லை. பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் என்று சொன்னால் கேள்வி வராது. எங்களைப்போல ஆளப்பட்ட நாட்டிலிருந்து வந்த ஒரு மனிதன், தன் அரசனைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்கின மனிதன், ஏன் இப்படிச் செய்தான் என்று நீங்கள் கேட்டால் நான் என்ன சொல்ல? எனக்கே தெரியாது.” என் பக்கம் திரும்பினார். “இப்போது சொல்லுங்கள், சேர். ஏன்?”

விமானத்தில் பதில்கள் தயாரித்திருந்தேன். பாடத்திட்டம், ஒப்பந்தம், புத்தகம் வராதது. அவற்றை விட்டுவிட்டேன்.

“என் அரசனும் உங்கள் அரசனும் ஒன்று என்று முதல் வரியில் எழுதியிருந்தீர்கள்” என்றேன். “அது எனக்குப் பொறுக்கவில்லை.”

மகள் எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடியது.

நான் விடைத்தாளை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடுவதற்கு முன் கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடி கண்ணாடி போட்டு, நான்கு பக்கத்தையும் மெல்ல வாசித்தார். என் சிவப்பு எழுத்தை அவர் பார்த்ததாகவே காட்டவில்லை. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

“இது உங்கள் கட்டுரையில் இல்லை.”

“இல்லை. விட்டுவிட்டேன்.”

“முதல் தரம், அரசனுக்கு ஒரு நியாயம் இருந்தது என்று எழுதியதற்காக என்னை நிற்கவைத்தீர்கள். இரண்டாம் தரம், அவன் செய்த கொடுமையை நான் எழுதியிருந்ததை எடுத்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் சிலை வைத்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அவர்களிடம் இந்தத் தாள் இருக்கவில்லை, சேர். உங்களிடம் இருந்தது.” கடைசிப் பக்கத்தைத் தட்டினார். “இதைச் சொன்னவர் எங்கள் வீட்டில் படகு ஓட்டிய கிழவர். அவருடைய தாயை அரசன் விலைக்கு வாங்கியிருந்தான். நீங்கள் வாசித்த அன்று பின்னேரம் என்னிடம் கேட்டார்: ‘எழுதினாயா? வாத்தியார் வாசித்தாரா?’ வகுப்புக்கே வாசித்தார் என்று சொன்னேன். கிழவருக்குச் சரியான சந்தோஷம்.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார்.

“அதை என்னிடம் தந்துவிட்டுப் போகாதீர்கள். வைக்க இடமில்லை. உங்களுக்குக் கைதட்டினார்களே, அவர்களுக்கு எழுதுங்கள். உங்கள் மொழியில். நான்கு பக்கமும்.” பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். “பேரனைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும்.” எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, நடந்தே போய்விட்டார். விடைத்தாளைத் தன் அறையில் வைத்துவிட்டுத்தான் போனார். மகள் அதை எடுத்துவந்து தன் கைப்பேசியில் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார்.

மகள்தான் என்னைக் காரில் திரும்பக் கொண்டுபோய் விட்டார். ஸ்ரேசனில் நான் இறங்கும்போது, “நான் என் பிள்ளைகளுக்கும் வெள்ளைக்காரன் கதையைச் சொல்லிவிட்டேன்” என்றார். “நடந்ததைச் சொல்லுங்கள்” என்றேன். “உங்களுக்கென்ன, சொல்வது லேசு” என்றார். அவர் போன பிறகு நான் மேடையில் இரண்டு ரெயினைப் போகவிட்டேன்.

மெல்பேர்ணுக்கு வந்து, நான்கு பக்கத்தையும் தமிழாக்கி, நடந்ததையும் எழுதி, அடுத்த மலரில் போடச் சொல்லித் தலைவருக்கு அனுப்பினேன். அடுத்த நாளே தொலைபேசியில் எடுத்தார்.

“மாஸ்ரர், உங்களுக்கென்ன விசரே? ஆர் இப்ப இதைக் கேட்டவை?”

“ஒருத்தரும் கேக்கேல்ல.”

“பின்னை? சனம் சந்தோஷமாக் கைதட்டிப்போட்டு வீட்ட போட்டுது. அதுகளைத் திரும்பக் கூப்பிட்டு, நான் கள்ளன் எண்டு சொல்லப்போறியளே?”

“ஓம்.”

“சரி, போடுறதெண்டாலும் அந்தக் காப்பிலிக் கதையை எடுத்துவிடுங்கோ. அந்த விடுதியில இருந்த ஆக்கள் இப்பவும் இஞ்ச இருக்கினம். அவையின்ர பிள்ளையள் டொக்டர்மார்.”

“நானும்தானே சொன்னனான். அதையும் எழுதித்தானே இருக்கிறன்.”

“நீங்கள் தனி ஆள், மாஸ்ரர். உங்களுக்குப் பயமில்லை” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

மலர் வந்தது. நான் எழுதியது அதில் இல்லை. வியாழக்கிழமைகளில் என்னை ஏற்றிக்கொண்டு போகும் காரில் இப்போது இடமில்லை என்கிறார்கள். பஸ்ஸில் போகலாம். இரண்டுதரம் போனேன். எல்லோரும் நன்றாகத்தான் கதைத்தார்கள், காலநிலையைப் பற்றி. அதனால்தான் இதை இங்கே வெளியில் எழுதுகிறேன். கைதட்டியவர்களில் ஒருசிலராவது வாசிப்பார்கள்.

தமிழில் ஆக்கிய நான்கு பக்கத்தையும், பிளாக்டவுனில் அவர் சரிபார்க்கவென்று வரிக்கு வரி மறுபடி ஆங்கிலத்தில் எழுதி, அவருடைய மகளுக்கு அனுப்பியிருந்தேன். ஆறு வாரமாக ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. வணக்கமோ விசாரிப்போ இல்லை. “அப்பா சொல்கிறார்: அரசனோடு கப்பலில் போனவர்கள் நான்கு பேர் என்று அன்று எழுதியது பிழை. ஐந்து பேர். ஐந்தாவது ஆள் சமையற்காரன். விலைக்கு வாங்கப்பட்டவன், அதனால் எங்கள் வீட்டில் யாரும் எண்ணவில்லை. அந்தத் தீவில் அரசன் இறந்தபின் என்ன ஆனான் என்று தெரியாது. படகுக்காரக் கிழவர் பிறகு சொன்னது. சேர்த்துவிடுங்கள்.”

அவர் மறுபடி வரலாறு எழுதத் தொடங்கிவிட்டார் என்று சந்தோஷப்பட எனக்கு உரிமை இல்லை. மூன்றாம் பக்கத்தை எடுத்து, நான்கை ஐந்தாக்கி, சமையற்காரனைச் சேர்த்தேன். அவனுடைய பெயர் தெரியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.